கறுப்பு நிற்கும் இடம்

தூத்துக்குடி
19 ஜனவரி 2025

ரெக்ஸ் அண்ணா,

நீ எழுதியது வந்துவிட்டது. ரிஃப்கா வீட்டு முகவரிக்கு அனுப்பியது நல்ல யோசனைதான். அவள் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. "உன் அண்ணன் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்குளா" என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்பில் கொடுத்தாள். பள்ளிக்கூடத்துக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். மணி அடித்தது காதில் விழவில்லை.

இடது கால் பனியில் உறைந்துவிட்டது, மலையிலிருந்து இறக்கி சண்டிகர் பக்கம் ராணுவ மருத்துவமனையில் போட்டிருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரிய வேண்டாம். நான்கே வரி. மீதி இரண்டு பக்கமும் சாப்பாட்டைப் பற்றி. ராஜ்மா உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய? கால் எப்படி இருக்கிறது என்று எழுது. எத்தனை விரல், என்ன நிறம், வலிக்கிறதா, எல்லாம் எழுது. தெரியாமல் இருப்பதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

வீட்டில் எல்லோரும் தூங்கியபின் அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவுக்கு அடியில் வெளிச்சம் போகாமல் சாக்கைச் சுருட்டி வைத்திருக்கிறேன். அப்பா படகுக்குப் போக எழுந்திருக்குமுன் முடிக்க வேண்டும். அவர் அடிப்பார் என்று பயமில்லை. "யாருக்குளா எழுதுத?" என்று கேட்டுவிடுவார் என்றுதான். நீ சொல்லாமல் பட்டாளத்துக்குப் போனதிலிருந்து உன் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. "தண்ணியில பொறந்தவன் மலையில போயி என்ன செய்யப் போறான்" என்று அன்றைக்குச் சொன்னதுதான் கடைசி. ஆனால் டிவி செய்தியில் லடாக் என்று வந்தால் சத்தத்தைக் கூட்டுகிறார். அதை நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியாது.

உன் போன் பனிக்குள் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். வேறு யாரிடமாவது வாங்கிப் பேசினாலும் இங்கே அடிப்பது அப்பா சட்டைப் பையில்தான். அதனால் எழுது.

எங்களுக்கு உயிரியலில் ரத்த ஓட்டம் நடக்கிறது. உடம்பிலேயே மெல்லிய குழாய்க்குத் தந்துகி என்று பெயர். முடியை விட மெல்லியது. ரத்த அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில்தான் போக முடியுமாம். உன் விரலுக்குள் அதெல்லாம் இப்போது என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். அதற்குமேல் பாடத்தில் மனம் போகவில்லை.

நம் துறைமுகத்தில் எத்தனை பேர் காலையிலிருந்து இரவு வரை ஐம்பது கிலோ ஐஸ் பார்களைத் தூக்குகிறார்கள். நீயே மூன்று வருடம் தூக்கினாய். யாருக்கும் கால் உறைந்து நான் பார்த்ததில்லை. உனக்கு எப்படி?

டெல்பினா

*

மருத்துவமனை, வார்டு 4
27 ஜனவரி 2025

டெல்பி,

ராஜ்மாவுக்காகக் கோபப்படாதே. காலைப் பற்றி எழுத வராததால் சாப்பாட்டைப் பற்றி எழுதினேன்.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். இடது காலில் ஐந்து விரலும் கறுத்திருக்கின்றன. பெருவிரல் பாதிவரை, மற்றவை அடிவரை. முதலில் வெள்ளையாக, மெழுகில் செய்து ஒட்டியது போல் இருந்தன. பிறகு கொப்புளம். பெருவிரலில் வந்தது தெளிந்த நீர்க் கொப்புளம், அது நல்லதாம். சுண்டுவிரல் பக்கம் வந்தது ரத்தக் கொப்புளம், அது அவ்வளவு நல்லதில்லை. இப்போது எல்லாம் வற்றி, காய்ந்த புளியம்பழம் மாதிரி இருக்கின்றன. வலி விரலில் இல்லை, விரலுக்கு மேலே இருக்கிறது. எழுதியாயிற்று. போதுமா?

இங்கே என்னைப் பார்க்கும் டாக்டர் மேஜர் ஜான்ஹவி. ஆழ்வார்திருநகரிக்காரர். மற்றவர்களிடம் இந்தி, என்னிடம் தமிழ். நம் ஊர்க் கோவில் பனிமய மாதாவுக்கு என்று சொன்னதும் வார்டே சிரித்தது. "பனியே விழாத ஊரில் பனி மாதாவா, அதுதான் உன்னை இங்கே அனுப்பிவிட்டாள்" என்கிறார்கள்.

நீ கேட்ட கேள்வியைத்தான் நானும் அவரிடம் கேட்டேன். உள்ளே என்ன ஆகிறது என்று. அவர் என்னையே திருப்பிக் கேட்டார். "உப்பளத்துல பாத்தியில தண்ணி வத்த வத்த, மிச்சத் தண்ணி என்ன ஆகும்?"

"உப்பு ஏறும் மேடம்."

"அதேதான். சதையில ஐஸ் முதல்ல செல்லுக்கு வெளியில புடிக்கும். ஐஸ் நல்ல தண்ணிய மட்டும் எடுத்துக்கும். மிச்சம் இருக்கறது கடும் உப்புத் தண்ணி. அது செல்லுக்குள்ள இருக்கற தண்ணியை வெளியில இழுக்கும். அப்ப செல் என்ன ஆகும்?"

"கருவாடு" என்றேன். அவர் சிரித்துவிட்டார். இந்திக்காரப் பையன்களுக்கு அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

உறைவதில் பாதிச் சேதம்தானாம். மீதி, உருகும்போது. நீ சொன்ன அந்த மெல்லிய குழாய்களின் உட்புறத்தில் வழுவழுவென்று ஓர் உறை இருக்கிறது. ரத்தம் ஒட்டாமல் ஓடுவது அதனால்தான். குளிரில் அந்த உறை உரிந்துபோகிறது. கால் உருகி ரத்தம் திரும்பி வரும்போது, உரிந்த இடத்தில் ஒட்டிக் கட்டியாகிக் குழாயை அடைக்கிறது. சில இடத்தில் நீர் கசிந்து வீங்குகிறது. ஒருமுறை என்றால் குழாய்கள் தாங்கிக்கொள்ளும், மெல்ல ஆறும். உருகியதை மறுபடி உறையவிட்டால் தாங்காது.

நான் செய்தது அதைத்தான். துறைமுகத்தில் விரல் மரத்தால் நாங்கள் என்ன செய்வோம்? கையைக் கடல் தண்ணீரில் முக்குவோம், சுள்ளென்று வரும், மறுபடி ஐஸில் கையை வைப்போம். நாளெல்லாம் அதுதான். ஆனால் அங்கே ஐஸின் குளிர் பூஜ்யம். இங்கே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. அது எனக்கு உறைக்கவில்லை. பூட்சுக்குள் பனி புகுந்து கால் மரத்ததும் கூடாரத்து அடுப்பருகே வைத்தேன், சுள்ளென்று வந்தது, சரியாகிவிட்டது என்று வெளியே போனேன்.

வெட்ட வேண்டுமா என்று கேட்டேன். காத்திருக்க வேண்டும் என்கிறார். வாரக்கணக்கில், ஒருவேளை மூன்று மாதம்கூட. கறுப்பு எங்கே நிற்கிறது என்று கால் தானே காட்டுமாம்.

தூங்கு. பரீட்சை வருகிறது.

ரெக்ஸ்

*

தூத்துக்குடி
4 பிப்ரவரி 2025

அண்ணா,

மூன்று மாதம் காத்திருக்கச் சொல்லும் டாக்டரை நான் நம்பவில்லை. கோபப்படாமல் கேள்.

மீன் இறங்கும் துறைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் பிச்சையா அண்ணாச்சியிடம் போனேன். அம்மாவுக்கு வடை வாங்குவது போல் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, கால் விரல் கறுத்தா என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"யாருக்குளா?"

"என் சிநேகிதியோட மாமாவுக்கு."

"சிநேகிதி மாமாவுக்கு நீ எதுக்குளா கண்ணு கலங்குத?"

அவர் டீயை ஆற்றி வைத்துவிட்டு, வேட்டியை விலக்கித் தன் பொய்க்காலைத் தட்டிக் காட்டினார். "எனக்கும் மொதல்ல பெருவிரல் நுனிதான். கறுப்பாவா இருக்கு, போவட்டும்னு இருந்தேன். டாக்டர் விரலை எடுக்கணும்னாரு, மாட்டேன்னேன். பொறவு பாதத்தை எடுக்கணும்னாரு, யோசிக்கணும்னேன். பொறவு அவரு கேக்கவே இல்ல. ஒத்த விரலுக்குக் கஞ்சத்தனம் பண்ணி முழங்காலு வரைக்கும் குடுத்தேன். அந்த மாமாவை இன்னைக்கே போவச் சொல்லு."

அவருக்குச் சர்க்கரை. நம் தெருவிலேயே இப்படி எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். சீக்கிரம் வெட்டியவர்கள் நடக்கிறார்கள். யோசித்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெட்டச் சொல்லு அண்ணா. விரல் இல்லாமல் நடக்கலாம். எனக்குக் கனவில் உன் கால் கறுத்துக்கொண்டே மேலே ஏறுகிறது. நான் கயிற்றைக் கட்டி நிறுத்தப் பார்க்கிறேன், நிற்கவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்த மேஜரிடம் சொல். நீ வேறு எதையும் எனக்காகச் செய்ய வேண்டாம், இதை மட்டும் செய்.

இன்னொன்று. உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஓர் இடம் பொருந்தவில்லை. கால் சுள்ளென்று வந்தபின் அடுப்பை விட்டு மறுபடி ஏன் வெளியே போனாய்? மார்கழியில் உன்னைக் குளிக்க வைக்க அம்மா எத்தனை தடவை கத்த வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நீ குளிருக்குச் சோம்பேறி. சரியாகிவிட்டதென்று போனேன் என்று எழுதியிருக்கிறாய். அது பொய். யாருக்காகப் போனாய்?

டெல்பினா

*

தூத்துக்குடி
10 பிப்ரவரி 2025

அண்ணா, இதை முதலில் படி. முன்னால் அனுப்பியது வந்திருந்தால் அதைக் கிழித்துப் போடு. வெட்டச் சொல்லாதே.

நடந்ததைச் சொல்கிறேன். ரிஃப்காவின் அக்கா ராஹிலா மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள் அல்லவா, ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். நான் அங்கே இருந்தேன். மேசை மேல் உன் பழைய உறை கிடந்தது.

"ஆர்மி முத்திரை போட்டிருக்கு. நம்ம வீட்டுல யாரு ரிஃப்கா பட்டாளத்துல இருக்கா?"

ரிஃப்கா என்னைப் பார்த்தாள். "லாத்தா, உம்மாட்ட சொல்லிராதே" என்று ஆரம்பித்தாள். அதற்குள் நான் அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், பிச்சையா அண்ணாச்சி சொன்னதையும், நான் உனக்கு எழுதியதையும். ராஹிலா அக்கா தலையில் கை வைத்தாள். "ஏளா, சர்க்கரைக் காலும் பனிக் காலும் ஒண்ணா?"

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சர்க்கரைக் காலில் மேலே இருந்து வரும் பெரிய குழாய்களே வருடக்கணக்கில் அடைந்து போயிருக்கும். புண் ஈரமாக இருக்கும், கிருமி புகுந்து ஏறும். அதனால் காத்திருக்கக் கூடாது. பனிக் காலில் பெரிய குழாய்கள் நன்றாகவே இருக்கின்றன. கெட்டது கடைக்கோடியில் இருக்கும் மெல்லியவை மட்டும்தான். கறுப்பு, காய்ந்த ஓடு. அதற்கு அடியில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று இப்போது யாருக்கும் தெரியாது. பெரிய டாக்டருக்கும் தெரியாது. "இப்ப வெட்டுனா பொழைக்கப் போறதையும் சேத்து வெட்டணும். வெட்டக் கை துறுதுறுக்குற டாக்டர்தான் பனிக்காலுக்கு எதிரி" என்றாள்.

நாற்றம் வந்தால், ஈரம் கசிந்தால், காய்ச்சல் வந்தால், சிவப்பு மேலே ஏறினால் மட்டும் உடனே வெட்ட வேண்டுமாம். உனக்கு இவற்றில் எதுவும் இல்லையே? இல்லை என்றால் காத்திரு. அவளும் பனிக்காலை நேரில் பார்த்ததில்லை, தூத்துக்குடியில் யார் பார்த்திருப்பார்கள். ஆனால் இரண்டு புத்தகங்களை எடுத்துக் காட்டினாள். இரண்டிலும் அதுவேதான் இருக்கிறது.

இன்னொன்றும் படித்துச் சொன்னாள். கேட்டதிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். குளிர் வந்ததும் இதயத்தைக் காப்பாற்ற விரல் நுனிக் குழாய்கள் தாமாகவே மூடிக்கொள்கின்றனவாம். ஆனால் விரலை அப்படியே கைவிட்டுவிடுவதில்லை. கொஞ்சம் கழித்துத் திறந்து சூடான ரத்தத்தை அனுப்பும், மறுபடி மூடும், மறுபடி திறக்கும். குளிரில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகப் பழகியிருக்குமாம். ஐஸ் தூக்குகிறவர்களின் விரல் அடிக்கடி சிவக்குமே, அது இதுதான். உன் கால் அந்த மலையில் எத்தனை தடவை திறந்து திறந்து பார்த்திருக்கும். முடியாமல்தான் நின்றிருக்கும். அவ்வளவு பாடுபட்ட காலை அவசரப்பட்டு வெட்டச் சொன்னேனே.

விரைவுத் தபாலில் போடுகிறேன். ரிஃப்காதான் தபால் நிலையத்துக்கு ஓடப் போகிறாள்.

டெல்பினா

*

மருத்துவமனை, வார்டு 4
11 பிப்ரவரி 2025

டெல்பி,

நான்காம் தேதி நீ எழுதியது இன்று வந்தது. உன் கனவைப் படித்தபின் என் காலைப் பார்க்கவே முடியவில்லை. போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

பிச்சையா அண்ணாச்சி சொல்வது சரிதான். நம் ஊரில் கறுத்த விரல் பிழைத்து நானும் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன், காத்திருப்பது எனக்கும் முடியவில்லை. தினமும் காலையில் கட்டைப் பிரிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். வெட்டிவிட்டால் வெட்டியாயிற்று என்று இருக்கும்.

மதியம் மேஜரிடம் சொல்லிவிட்டேன். இப்போது வெட்டினால் ஐந்து விரலும் அடியோடு போகும் என்றார். பரவாயில்லை என்றேன். பெருவிரல் போனால் நடை மாறும், ஓட முடியாது, அசையும் இடத்தில் நிற்க முடியாது என்றார். அசையும் இடம் என்றதும் படகு ஞாபகம் வந்தது. அதற்கும் பரவாயில்லை என்றேன். "சரி, திங்கட்கிழமை பார்க்கலாம்" என்றார். அதாவது பதினேழாம் தேதி.

யாருக்காகப் போனாய் என்று கேட்டிருக்கிறாய். உன்னிடம் மறைக்க முடியாது. பிஷ்ட் என்று ஒரு பையன், மலைநாட்டுக்காரன். ரோந்து முடிந்து எல்லோரும் கூடாரத்துக்குத் திரும்பிவிட்டோம், அவனைக் காணோம். என் கால் அப்போதுதான் சுள்ளென்று வந்திருந்தது. பூட்ஸ் ஈரம். மற்றவர்கள் வேறு பக்கம் தேடப் போயிருந்தார்கள். அவன் எங்கே சறுக்கியிருப்பான் என்று எனக்குத் தெரியும், நானும் அங்கேதான் சறுக்கினேன். போனேன், இருந்தான், கூட்டி வந்தேன். அவ்வளவுதான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, நகம் ஒன்று போயிற்று. அதற்கே பக்கத்து வார்டிலிருந்து தினமும் வந்து அழுகிறான்.

இதைப் பெரிதாக்காதே.

ரெக்ஸ்

*

தூத்துக்குடி
17 பிப்ரவரி 2025, இரவு

அண்ணா,

நீ பதினோராம் தேதி எழுதியது இன்று பள்ளிக்கூடத்தில் கைக்கு வந்தது. இன்றுதான் பதினேழு. நான் இரண்டாவதாக எழுதியது உனக்குக் கிடைத்ததா இல்லையா என்று தெரியவில்லை. ராஹிலா அக்கா உறையில் அச்சடித்திருந்த மருத்துவமனை நம்பருக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தாள். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. இப்போது உன் விரல்கள் இருக்கின்றனவா இல்லையா என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். நான் எழுதித்தானே நீ முடிவு செய்தாய்.

உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

படகிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே ஒரே மூச்சில் சொன்னேன். கால், பனி, பிஷ்ட், மருத்துவமனை, பிச்சையா அண்ணாச்சி, நான் வெட்டச் சொன்னது, வேண்டாம் என்றது, எல்லாம். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று தெரியும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"எந்தக் காலு?"

"இடது."

"ஒனக்கு எப்பம்ளா தெரியும்?"

"ஒரு மாசமா."

கையைக் கழுவிவிட்டு அம்மாவைப் பார்த்தார். "ஒரு மாசமா இந்தப் புள்ள தூங்காம கெடந்திருக்கு. நீயும் பாக்கல, நானும் பாக்கல." அப்புறம் என்னிடம், "அந்த ஊருக்கு எந்த ரயிலு போவுது, கேட்டுச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். திட்டுவார் என்று நான் நினைத்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை. நீ சொல்லாமல் போனதைப் பற்றியும் சொல்லவில்லை.

விடிந்ததும் கிளம்புகிறார். நம் வீட்டில் ஸ்வெட்டர் ஏது. மீன் கம்பெனி குளிர் அறையில் வேலை பார்க்கும் செபாஸ்டின் மாமா தன் கோட்டைக் கொடுத்திருக்கிறார். துவைத்தாலும் இறால் வாடை போகாது. நீ பொறுத்துக்கொள்.

இந்தக் கடிதத்தை அப்பா கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். ஒட்டவில்லை. இனிமேல் ஒட்டுவதற்கு என்ன இருக்கிறது.

பெரிதாக்காதே என்று எழுதியிருந்தாய். எனக்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. தெரிந்தே போயிருக்கிறாய். ஈரப் பூட்சை மறுபடி மாட்டியிருக்கிறாய். நான் அப்பாவிடம் நான்கு வார்த்தை சொல்லவே இவ்வளவு நடுங்கினேன். விரல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீ என் அண்ணன் என்பதில் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் இருக்க வேண்டும்.

டெல்பினா

*

மருத்துவமனை, வார்டு 4
24 பிப்ரவரி 2025

டெல்பி,

வெட்டவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா போனில் சொல்லியிருப்பார், இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும்.

நீ விரைவுத் தபாலில் அனுப்பியது சனிக்கிழமை வந்தது. ராஹிலா சொன்னதைப் படித்தேன், பிறகு குழாய்கள் திறந்து திறந்து பார்க்கும் இடத்தைப் படித்தேன். போர்வையை விலக்கி என் காலைப் பார்த்தேன். இவ்வளவு நாள் அதை ஒரு கெட்ட சாமான் மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேஜர் அறைக்குப் போனேன். "வேண்டாம் மேடம், காத்திருக்கிறேன்."

அவர் எழுதுவதை நிறுத்தவே இல்லை. "நான் ஆபரேஷன் தியேட்டர் சொல்லியே வைக்கலை. திங்கட்கிழமைக்குள்ள நீயே வருவேன்னு நெனச்சேன்."

"வரலேன்னா மேடம்?"

"செவ்வாய்க்கிழமைன்னு சொல்லியிருப்பேன்."

பிறகு ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். ஊசியில் மருந்தைச் செலுத்தி எடுத்த படம், ரத்தம் ஓடும் இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். பாதம் முழுவதும் வெளிச்சம். விரல் பக்கம் போகப் போக மங்கல். சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. பெருவிரலில், வெளியே கறுத்திருக்கும் இடத்துக்குள்ளே, லேசாக வெளிச்சம் இருந்தது. "அதை நம்பிச் சொல்ல முடியாது, ஆனா வெட்டவும் முடியாது" என்றார்.

அப்பா வியாழக்கிழமை வந்தார். வாசலில் அவரைப் பார்க்குமுன்பே வாடை வந்துவிட்டது. வார்டில் எல்லோரும் மூக்கைத் திருப்பினார்கள். எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர். கட்டிலருகே வந்து நின்றார்.

"ஏலே, எங்க காலு?"

போர்வையைத் தூக்கினேன். குனிந்து பார்த்தார்.

"இருக்குல்லா?"

"இருக்குப்பா."

"பின்ன எதுக்கு எனக்கு எழுதல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் பிஷ்ட் வந்து அப்பா காலைத் தொட்டான். அப்பா பதறிப்போய், "இவன் எதுக்குலே என் காலைத் தொடுதான்?" என்றார்.

"இவனைத்தாம்பா தூக்கிட்டு வந்தேன்."

அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். வாட்டசாட்டமான ஆள் அவன். "இந்தப் பயலையா? எப்படிலே தூக்குன?"

"ஒன்றரை ஐஸ் பாரு எடைதாம்பா இருப்பான்."

அப்பா சிரித்தார். நான் பட்டாளத்துக்குப் போனபின் அந்தச் சிரிப்பை இப்போதுதான் கேட்கிறேன். பிஷ்டுக்கு ஒன்றும் புரியவில்லை, அவனும் சிரித்தான். அன்று முழுவதும் அப்பா, வருகிற நர்சுகளிடமெல்லாம் அவனைக் காட்டி, "ஒன்றரைப் பாரு" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

உன் கடிதத்தை நீட்டும்போது, "ஏலே, இவ என்னைப் பாத்து நடுங்கிக்கிட்டே பேசுனா. ஆனா நிறுத்தாம பேசுனா" என்றார். நீ நான்கு வார்த்தை என்று எழுதியிருக்கிறாய். டெல்பி, நான் அப்பாவிடம் அவ்வளவுகூடப் பேசப் பயந்துதான் ஊரை விட்டே போனேன்.

இன்னும் ஒன்றும் முடியவில்லை. கறுப்பு இன்னும் நிற்கவில்லை என்கிறார் மேஜர். காத்திருக்கிறோம்.

ரெக்ஸ்

*

தூத்துக்குடி
30 மார்ச் 2025

அண்ணா,

பரீட்சை முடிந்தது. உயிரியலில் ரத்தக் குழாய் பற்றிய கேள்விக்குத் தாள் போதவில்லை.

அப்பா ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து துறைமுகம் முழுவதும் உன் கால் தெரிந்த விஷயமாகிவிட்டது. பிச்சையா அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். "சிநேகிதி மாமா எப்படிளா இருக்காரு?" என்றார். நான் தலை குனிந்தேன். ராஹிலா அக்கா சொன்ன வித்தியாசத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப என் கதையைச் சொல்லி அவன் விரலைப் பறிச்சிருப்பேன் போலிருக்கே. இனிமே கறுத்த விரலுன்னா, எதுல கறுத்துச்சுன்னு கேட்டுட்டுத்தான் பேசணும்" என்றார். வடைக்குக் காசு வாங்கவில்லை.

போனில் நீ நன்றாகத்தான் பேசுகிறாய். ஆனால் போனில் அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள் என்று சிரித்துப் பேசுகிறாயோ என்று எனக்குச் சந்தேகம். என்னிடம் மட்டும் எழுது. நின்றதா?

டெல்பினா

*

மருத்துவமனை, வார்டு 4
24 ஏப்ரல் 2025

டெல்பி,

நின்றது.

போன வாரம் கறுப்புக்கும் சதைக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்தது. மெல்லிய பள்ளம், நகத்தால் கீறியது போல். மேஜர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், மறுநாளும் பார்த்தார். சுண்டுவிரலும் அடுத்ததும் பிழைக்கவில்லை. அவற்றைத் திங்கட்கிழமை எடுத்தார்கள். நடுவிரலில் நகம் இருந்த நுனி போயிற்று. அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் இரண்டாவது விரலிலும் பெருவிரலிலும் ஓடு தானாகவே தளர்ந்து வந்தது. மேஜர் இடுக்கியால் மெல்லத் தூக்கினார். இறால் உரிப்பது போல் கழன்றது. உள்ளே இளஞ்சிவப்பாக, ஈரமில்லாமல், முழு விரல். கறுத்துக் கிடந்த அவ்வளவு நாளும் அதற்குள் அது தன் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்திருக்கிறது. நான் ஒன்றுமே செய்யவில்லை. வெட்டாமல் இருந்தது ஒன்றுதான் செய்தேன், அதுவும் நீ சொல்லி.

மேஜர் அந்த விரலை வெகுநேரம் தொட்டுக்கொண்டிருந்தார். எத்தனை பார்த்திருப்பார், இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் பார்ப்பாராம், நர்ஸ் சொன்னாள்.

இனி மலைக்கு என்னை அனுப்ப மாட்டார்கள். சமவெளியில் எங்காவது போடுவார்கள். குளிர்காலத்தில் வலிக்கும், வருடக்கணக்கில் வலிக்கலாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

இன்று காலை நிற்க வைத்தார்கள். விடுப்பில் வந்திருக்கும் பிஷ்ட் ஒரு பக்கம், நர்ஸ் ஒரு பக்கம். வலது காலை முதலில் வைத்தேன். பிறகு இடது காலை மெல்ல இறக்கினேன். குதிகால், பாதம், கடைசியில் பெருவிரல். மொசைக் தரை.

சில்லென்று இருந்தது.

ரெக்ஸ்